ஓரா மீன் சாப்பிடவில்லை

எங்கள் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. என் பக்கம் ஆலையில் கூட வேலை பார்த்த இரண்டு பேர், அவள் பக்கம் ஒரு நர்ஸ். அம்புட்டுத்தான் கூட்டம். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஆலையில் சூப்பர்வைசர். தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் துணிக்கட்டுகளை இறக்கப் போன இடத்தில்தான், அங்கே நர்ஸாக இருந்த அவளைப் பார்த்தேன். “இதுல ரெண்டு கட்டு ஈரமா இருக்கு, திருப்பி எடுத்துட்டுப் போங்க” என்று முதல் பேச்சையே சண்டையாகத் தொடங்கினாள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. அப்படி ஆரம்பித்த கதை அது.

அவள் அப்பா கடற்கரையில் மீன் ஏலம் போடுகிறவர். அவர் குரல் எடுத்தால் காக்காய்கூடப் பறந்துவிடும் என்பாள். அந்தக் குரல் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயில் மாறி, சாதி மாறி, கடலே இல்லாத ஊருக்குப் போனவள் எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டாராம். அவள் போட்ட கடிதங்களுக்குப் பதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள். எதற்கு இத்தனை தடவை கழுவுகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் தெரிந்துவிடுமே.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் வாசலில் அவரே வந்து நின்றார். ஒரு கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. இன்னொரு கையில் வெள்ளைக் கேன். என் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“ஓரா மீனு. வலையில உசுரோட கெடந்துச்சு. அறுக்க மனசு வரல. இங்க கண்ணாடித் தொட்டி இருக்குன்னு சொன்னாவ.”

யார் சொன்னார்கள்? எங்கள் வீட்டில் தங்கமீன் தொட்டி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? விசாரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் மனுஷன். ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை. தங்கமீன்களைத் துணி துவைக்கிற தொட்டிக்கு மாற்றினேன். அவர் கேனிலிருந்த கடல் தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, மூன்று விரல் அகலத்தில் பழுப்பும் வெள்ளைப் புள்ளியுமாக இருந்த மீனைத் தூக்கிலிருந்து விட்டார். “முதுகு முள்ளத் தொட்டிராதிய. குத்துச்சுன்னா கடுத்துப் போகும். பாசிதான் திங்கும்” என்றார். இடுப்பில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, கடற்பாறையில் வழித்த பச்சைப் பாசியை ஒரு கல்லில் கட்டிப் போட்டார். மீன் முயல் மாதிரி வாயை ஆட்டி ஆட்டிக் கொறித்தது. ஒரு செம்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். முதல் பூசை பார்த்துவிட்டுப் பஸ் ஏறி, கோவில்பட்டியில் மாறி, கடல் தண்ணீர்க் கேனுக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மீனோடு பேசுவார்.

“என்னலே, இந்த ஊரு வெக்க தாங்குதா ஒனக்கு?”

அடுப்படியிலிருந்து அவள் சொல்லுவாள்: “தாங்குது.”

“வேலைக்குப் போற எடத்துல எல்லாரும் ஒழுங்கா நடத்துதாவளா?”

“நடத்துதாவ.”

எந்த ஊரில் மீன் வேலைக்குப் போகிறது? எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். மூன்றாம் வாரம் காபி குடித்தார். ஐந்தாம் வாரம் சோறு சாப்பிட்டார், அதுவும் தொட்டிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து. எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று முதலில் அடம் பிடித்தவர் அவர்தான்; மீனின் முறை பிறகு வந்தது.

நானோ அவர் வாராவாரம் வருவதை எனக்கு வைத்த பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மீனை வைத்துக் காப்பாற்றத் தெரியாதவன் என் மகளை எப்படி வைத்திருப்பான் என்று பார்க்க வருகிறார், இல்லையென்றால் இந்த வயதில் எதற்கு இத்தனை அலைச்சல்? பாசி நாலு நாளில் அழுகிவிடும். மிச்ச மூன்று நாளும் மீன் பட்டினி. சரி, நான் யார் என்று காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

அரைக்கீரை போட்டேன். வாயில் வைத்துத் துப்பியது. முருங்கைக்கீரை, அதுவும் துப்பல். முட்டைக்கோசை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “ஏலே, கடல்ல ஒனக்கு எவன்லே சமைச்சுப் போட்டான்?” என்று தொட்டியைப் பார்த்துக் கத்தினேன். பயந்துபோய் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக நிறம் மாறி மூலையில் ஒதுங்கியது. “அத ஏன் வையுதிய, பாவம்” என்று அவள் என்னை வைதாள்.

கடைசியில் ஆலைத் துணிதான் கை கொடுத்தது. கிணற்றடியில் படர்ந்திருந்த கொடிப்பசலையை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, பாசியோடு சேர்த்துச் சுருட்டி, பேண்டேஜ் துணியில் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டேன். துணியின் கண் வழியாகக் கொறித்தால் பாசி எது, பசலை எது என்று பிரித்துத் துப்ப முடியாது. முதல் நாள் அவசரத்தில் வெளுக்காத துணியைக் கட்டிவிட்டேன். தறியில் போட்ட கஞ்சி அத்தனையும் கரைந்து தொட்டி பால் மாதிரி ஆகிவிட்டது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. இத்தனை வருஷம் பேண்டேஜ் துணியிலேயே கிடக்கிறவன் செய்கிற வேலையா இது! இருந்த கடல் தண்ணீரையெல்லாம் மாற்றி ஊற்றி, கையால் தண்ணீரை அடித்து அடித்துக் காற்று ஏற்றி, எப்படியோ பிழைக்க வைத்தோம். அப்புறம் வெளுத்த துணி. ஒவ்வொரு நாளும் பாசியைக் கொஞ்சம் குறைத்துப் பசலையைக் கொஞ்சம் கூட்டினேன். ஒரு மாதத்தில் வெறும் பசலையைத் தின்ன ஆரம்பித்தது.

தண்ணீரையும் விடவில்லை. ஆலையில் வெளுக்கிற மருந்தின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தது. அதைக் கொண்டுவந்து கடல் தண்ணீரில் மிதக்கவிட்டு அளவைக் குறித்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து அதே அளவுக்குக் கொண்டுவந்தேன். முதலில் பாதிக்குப் பாதி கலந்தேன், பிறகு முழுக்க அந்த உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். மீன் ஜம்மென்று இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் முன்னால் பொட்டலத்தைத் தொங்கவிட்டேன். மீன் பாய்ந்து வந்து தின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வைத்திருந்த பால்கோவாவை அவர் கையில் கொடுத்து, பெருமை தாங்காமல் சொன்னேன்.

“பாத்தியளா மாமா! பாசியும் வேண்டாம், கடல் தண்ணியும் வேண்டாம். இனிமே நீங்க இம்புட்டுத் தூரம் சிரமப்பட்டு வர வேண்டியதே இல்ல.”

அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். “கெட்டிக்காரன்தான்” என்றார். பால்கோவாவை வாயில் வைக்காமல் பொட்டலத்தோடு மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவள் மூன்று பேருக்குச் சோறு பொங்குவாள், சாயங்காலம் மிச்சத்தில் தண்ணீர் ஊற்றுவாள். நாலாவது ஞாயிறு நான் தெரியாத்தனமாக, “மீனுதான் நல்லாத் திங்குதே, அவிய எதுக்கு அலையணும்?” என்று சொல்லிவிட்டேன். பானையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மீனுக்காகவா எங்கப்பா வந்தாவ?”

அட மடையா, அட மடையா என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். வந்துபோக அந்தக் கிழவருக்கு இருந்த ஒரே சாக்கை, கெட்டிக்காரத்தனம் பண்ணி நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

மறுநாள் ஆலைக்குப் போகிற வழியில் தந்தி ஆபீசில் நின்றேன். கடிதம் போட்டால் இரண்டு நாளாகும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மீன் சாப்பிடவில்லை, உடனே வரவும் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். கிளார்க் இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அனுப்புங்க சார்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்தே ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கேன் இல்லை, பாசி இல்லை. வாசலில் நின்ற என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“எம்மா, ஒனக்கு ஒண்ணுமில்லியே? நல்லாத்தான இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன்ப்பா” என்றாள். அவர் அவள் நெற்றியைத் தொட்டார், கையைப் புரட்டிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து அழுதார்.

“ராஜபாளையத்துல இருந்து தந்தின்னு தந்திக்காரன் சொன்னான். படிக்கச் சொல்லிக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அப்படியே கெளம்பிட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். “என்னதான் போட்டிருக்கு?”

எனக்கு நிற்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. அந்த மனுஷன் வழியெல்லாம் எந்த நினைப்போடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் மெதுவாகப் பிரித்துத் தமிழில் சொன்னாள். “மீன் சாப்பிடவில்லை. உடனே வரவும்.”

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மீன் அன்றைக்குக் காலையில் நான் கட்டிய பசலைப் பொட்டலத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. வயிறு உப்பிப்போய், தின்றதே போதாது என்பது போல மறுபடி மறுபடி பாய்ந்தது. நான் வசவுக்குத் தயாராக நின்றேன். கடற்கரையே அதிருகிற அந்தக் குரல் இப்போது கிளம்பும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆமா மாப்ள” என்றார். “ரொம்பத்தான் மெலிஞ்சு போச்சு. வாரா வாரம் வந்து பாத்தாத்தான் சரிப்படும்.”