எடப்பாடிக்கு வந்த மணிலாப் பாட்டு

எடப்பாடி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் கௌரவமாகச் சாக இரண்டு வேண்டும். ஒன்று பூப்பாடை, இன்னொன்று கிளாரினெட் அருணகிரி. பூ இல்லாமல்கூடச் சிலர் சமாளித்துப் போயிருக்கிறார்கள். அருணகிரி இல்லாமல் போனவர்களை ஊர் அப்புறம் நல்லபடியாகப் பேசியதில்லை.

அவன் சாவுக்கு வாசிக்கவென்று பிறந்தவன் அல்ல. கல்யாண பேண்டு செட்டில் பழகியவன். ராமாத்தாளைக் கட்டிய மறுவருஷமே பினாங்குக்குக் கப்பலேறினான். அங்கே ஊமைப்படக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கும் வேலை. கூட வாசித்தவர்கள் எல்லாம் மணிலாக்காரர்கள். கீழைக் கடலோரத்தில் எந்தத் துறைமுகத்தில் பாட்டு, ஆட்டம் என்றாலும் அப்போது அவர்கள்தான். அவர்களில் பிடில்காரன் சிரியாகோ இவனோடு ஒரே அறையில் தங்கியவன்.

சிரியாகோ சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். குந்திமான் என்பார்கள் அவர்கள் ஊரில். காதலியின் ஜன்னலுக்குக் கீழே நின்று பாடுவது. முதல் பாதி முழுக்க அழுகை. பின்பாதியில் சுரம் மாறிவிடும், ஜன்னல் திறந்துகொண்ட மாதிரி.

"முதல் பாதிய எவனும் வாசிச்சிருவான்," என்பான் சிரியாகோ, இருவருக்கும் பொதுவான ஓட்டை மலாயில். "அடுத்ததுக்கு ஒருத்தி காத்திருக்கணும்."

அருணகிரிக்கு ஒருத்தி காத்திருந்தாள். மற்றவர்கள் ஊருக்குத் தங்கம் சேர்த்தார்கள். இவன் அவளுக்காக அந்தப் பாட்டைச் சேர்த்தான்.

பேசும் படம் வந்தது. திரையே பாடத் தொடங்கியதும் கீழே இருந்தவர்களை எழுந்து போகச் சொன்னார்கள். சிரியாகோ மணிலாவுக்குப் போனான். இவன் நாகப்பட்டினத்தில் இறங்கி ஊர் வந்து சேர்ந்தான். மூட்டையை அவிழ்க்குமுன் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிட்டாதார் மண்டையைப் போட்டார்.

"சீமையில இருந்து வந்திருக்கறானாமே, எங்கப்பனுக்குப் புதுசா வாசிக்கச் சொல்லு" என்று மிட்டாதார் மகன் ஆள் அனுப்பினான். இவனிடம் இருந்த புதுசு அது ஒன்றுதான்.

வினை அங்கேதான். நம் ஊரில் பாடை தூக்குகிறவர்களுக்கு இரண்டிரண்டாய்க் கால் வைத்துப் பழக்கம். மணிலாப் பாட்டு மூன்று மூன்றாய் அடி வைப்பது. டிரம்காரன் மயில்சாமி அந்தக் கணக்கில் தட்டத் தட்ட, தூக்கியவர்கள் கால் பின்னி, பாடை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடி, முன்னே போனது பின்னே வந்தது.

"ஐயோ, எஞ்சாமி போகமாட்டேங்கறாரே!" என்று ஒருத்தி கதற, கூட்டமே கதறியது. உயிரோடிருந்தபோது ஒருவரும் இருக்கச் சொல்லாத மனுஷர், அன்றைக்குப் போக மனசில்லாதவராகப் பேர் வாங்கினார்.

அருணகிரி பின்பாதிக்குத் திரும்பினான். மகன் பாய்ந்து கிளாரினெட்டைப் பிடித்தான். "ஏண்டா, எங்கப்பன் செத்ததுல உனக்கு அத்தன சந்தோசமா?"

அதற்கப்புறம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தப் பாட்டுதான். தங்கள் பிணமும் போகமாட்டேன் என்று ஆட வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் முதல் பாதி மட்டும்.

சாவுக்கு வாசித்ததை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது. ஒரு சாயங்காலம் அவன் கிளாரினெட்டை உதட்டில் வைத்ததும் ராமாத்தாள் கையால் மறித்தாள்.

"ஏனுங்க, எனக்கு இப்பவே பாடை கட்டறீங்களா?"

"இது சாவுப் பாட்டு இல்ல புள்ள. உனக்குன்னு கொண்டாந்தது. முழுசாக் கேட்டீன்னா தெரியும்."

"ஊருக்கெல்லாம் ஊதிப்போட்டு மிச்சம் எனக்காக்கும்!"

பின்பாதியை மட்டும் வாசித்துக் காட்டினான். பசியில்லாதவளுக்கு விருந்து வைத்த மாதிரி ஆயிற்று. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

உலகச் சண்டை வந்தது. ஜப்பான்காரன் பினாங்கையும் மணிலாவையும் பிடித்தான். சிரியாகோ இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அடுத்த வருஷம் காலரா வந்து ராமாத்தாளைக் கொண்டுபோனது.

பிள்ளையில்லாத வீடு. கொள்ளிச்சட்டியைப் புருஷன்தான் எடுக்க வேண்டும். சாவு வீட்டுக்காரன் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று வேறொரு பேண்டு செட்டுக் கைலாசம் கிளாரினெட்டோடு வந்திருந்தான். அருணகிரி சட்டியைப் பங்காளி சின்னண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கைலாசத்திடமிருந்து வாத்தியத்தை வாங்கிக்கொண்டான். பாடை ஆடியது. ஊர் அழுதது. முதல் பாதி முடிந்ததும் மயில்சாமி பழக்கத்தில் தட்டுவதை நிறுத்தினான்.

அருணகிரி நிறுத்தவில்லை.

"அண்ணா, சனம் பாக்குது. போதும்" என்றான் சின்னண்ணன். மற்ற வீட்டுப் பிணத்துக்குத் தடுக்க உரிமைக்காரன் வருவான். இந்தப் பிணத்துக்கு உரிமைக்காரனே அவன்தான். தூக்கியவர்கள் நடுரோட்டில் நின்றுவிட்டார்கள். கடைசிச் சுரம் வரை வாசித்தான்.

"பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றது ஊர்.

காரியம் முடிந்த கையோடு இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் தயங்கினார். "மொதப் பாதி போதுமுங்க. அன்னிக்குக் கடைசீல வாசிச்சீங்களே, அது மட்டும் வேண்டாமுங்க."

"அது இப்ப என்கிட்ட இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அருணகிரி அவர் பின்னால் நடந்தான்.