கோலத்தைத் தாண்டிய பொம்மை

என் மனைவி இறந்தபோது நான் குவைத்தில் ஒரு வீட்டில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டும் விடுப்பும் கைக்கு வருவதாக இல்லை. ஐப்பசி அடைமழை. எவ்வளவு நேரம் உடலை வைத்திருப்பது என்று போனில் கேட்டார்கள். எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

மார்கழியில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். சுவரில் அவள் படம் இருந்தது, பீரோவில் புடவைகள் இருந்தன. குரல் மட்டும் எங்கும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசிய பேச்செல்லாம் பேசியதோடு போய்விட்டது. அவள் சொன்னவை நினைவுக்கு வரும். ஆனால் மனசுக்குள் அவற்றைச் சொல்வது என் குரலாகவே இருக்கும். அவள் குரல் எப்படி இருக்கும் என்று யோசிக்க யோசிக்க, அது இன்னும் தள்ளிப் போனது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லாதவன்.

மகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சென்னையில் வேலை பார்ப்பவள் பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. தெரு முழுவதும் கலர்க்கோலம், எங்கள் வாசலில் மட்டும் வெறும் ஈரம். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவள் பீரோ மேலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

அது எனக்குத் தெரிந்த பெட்டிதான், டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுவது. குவைத்தில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வைத்து விளையாடியது. அவர்கள் வளர்ந்து அதைத் தொடாமல் போனதும் வீட்டம்மா எனக்குக் கொடுத்தார். கடைசியாக விடுப்பில் வந்தபோது கம்பளிக்குள் சுற்றி எடுத்துவந்தேன். நான் ஒருநாளும் விளையாடிப் பார்த்ததில்லை.

“அப்பா, நீங்க லீவுல வந்தா காட்டணும்னு நானும் அம்மாவும் சேந்து இதுல ஒன்னு செஞ்சோம்” என்றாள் மகள். “நம்ம ஊரு. நீங்க பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்கு வரணும், அதான் ஆட்டம். அம்மா பேசுனது ஒன்னு உள்ள இருக்கு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “எங்க இருக்கு?”

“சொல்ல மாட்டேன். அம்மா சொல்லக்கூடாதுன்னுச்சு. நீங்களே நடந்து போங்க, தானா கேக்கும்.”

டிவியில் ஒரு துணிப்பொம்மை வந்து நின்றது. உள்ளங்கை அளவு, பொத்தான் கண். அதை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாமாம். மகள் அதற்கு மீசை வைத்தாள், என் கட்டம்போட்ட கைலியைப் படம் பிடித்து அதன் இடுப்பில் சுற்றினாள், நரைக்குக் கொஞ்சம் வெள்ளை தீட்டினாள். பிறகு ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். ரிமோட்டைச் சாய்த்தால் பொம்மை தலையைச் சாய்த்தது. நான் கையை அசைக்காமல் இருந்தபோதும் அது மூச்சு விட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. எங்கோ தொலைந்துபோன என்னைக் கண்டுபிடித்து உள்ளே அடைத்து வைத்திருப்பதுபோல இருந்தது.

ஆட்டத்தில் முதலில் குடவாசல் ரோட்டு பஸ் நிறுத்தம். அட்டையில் வெட்டிய புளியமரம். பச்சைச் சணலை வரிசை வரிசையாக ஒட்டி வயல் செய்திருந்தார்கள். கட்டைவிரலை வலப்பக்கம் தள்ளினால் பொம்மை நடந்தது, பொத்தானை அமுக்கினால் குதித்தது. வாய்க்காலின் மேல் தென்னைமரப் பாலம் உருண்டுகொண்டே இருந்தது. நான் பிந்திக் குதித்தேன். பொம்மை தண்ணீரில் விழுந்து பஞ்சு பஞ்சாக வெடித்துப் போனது. ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டேன்.

“என்னப்பா?”

“செத்துப்போச்சு.”

“செத்தா என்ன? அங்க பாருங்க.”

சற்று முன் நான் தாண்டி வந்த ஒரு வளையம் சுழன்றது. அதிலிருந்து பொம்மை எகிறி வெளியே வந்தது. அதே மீசை, அதே கைலி, எதுவுமே நடக்காத முகம்.

“எத்தன தடவ வேணா இப்படி வரலாமா?”

“வரலாம்ப்பா” என்றாள். நான் ரிமோட்டை மறுபடி எடுத்தேன்.

பக்கத்து வீட்டிலிருந்து அண்ணி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். “குவைத்து ரிட்டனு பொம்ம வச்சில்ல ஆடுறாரு! ஏன் தம்பி, இது கருதறுக்க வருமா?”

“வரும் பெரியம்மா. சாப்பாடு மட்டும் நீங்க போடணும்” என்றாள் மகள்.

“போடி, என் சமையல தின்னா இன்னொரு தடவ செத்துப்போயிரும்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வாய்க்கால், வைக்கோல் லாரி, களம் எல்லாம் தாண்டி வீடு வந்தது. எங்கள் வீடேதான். ஓடு இறங்கிய மூலையைக்கூட விடவில்லை. கோலம் தெரிவதற்காக வாசலைச் சரிவாக வைத்திருந்தார்கள். கோலத்தைப் பார்த்ததும் என் கை நின்றது. அது தீட்டியதில்லை. அவள் போட்ட கோலத்தையே படம் எடுத்து ஒட்டியிருந்தார்கள். புள்ளியைச் சுற்றி வரும்போது இடப்பக்கச் சுழி மட்டும் பெரிதாகிவிடும் அவளுக்கு. கடைசி வரை சரியானதே இல்லை.

“அம்மா மூஞ்சியப் போடலாம்னுதான் சொன்னேன். ‘என் மூஞ்சி எதுக்குடி, கோலத்த வையி, அவருக்குத் தெரியும்’னுச்சு” என்றாள் மகள்.

நான் பொத்தானை அழுத்தினேன். பொம்மை கோலத்தைத் தாண்டிக் குதித்து வீட்டுக்குள் போனது.

கூடத்தில் நின்று கேட்டேன். ஒன்றுமில்லை. அடுப்படிக்குப் போனேன். அட்டை அடுப்பில் அட்டைச் சட்டி. குரல் இல்லை. கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் நின்றேன், மாட்டுக்கொட்டகையில் நின்றேன். திரும்பி வாசலுக்கு வந்து, கோலத்தைத் தாண்டித் தெருவில் இறங்கி, மறுபடியும் தாண்டி உள்ளே போனேன். ஆளில்லாத வீட்டில் அறை அறையாகத் தேடும் பொம்மையைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. மார்கழியில் ஊருக்கு வந்த அன்று, பயணப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் செய்ததும் இதுதான்.

“கேட்டுச்சாப்பா?” மகள் குரல் மாறியிருந்தது. “முன்னாடியே கேட்டிருக்கணுமே. அழிஞ்சுபோச்சா என்னன்னு தெரியலையே.”

அவள் எழுந்து வயர்களைச் சரிபார்த்தாள். போய்விட்டது என்றே நினைத்தேன். எடுத்துவிடுங்கள் என்று போனில் சொன்னபோது கேட்ட அமைதி மறுபடியும் காதில் ஏறியது. ஒப்புக்குப் பொம்மையை இன்னொரு முறை வாசலைத் தாண்ட வைத்தேன்.

அண்ணிதான் சொன்னார். “ஏண்டி, உங்கப்பன் பொம்மைக்குக் கோலத்த மிதிக்கப் பயமா? ஒவ்வொரு தடவையும் எகிறி எகிறில்ல போவுது!”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ அப்பா. அதுலதாம்ப்பா இருக்கு. மிதிச்சாதான் கேக்கும்.”

நான் தாண்டிக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடைசி விடுப்பில் விடிகாலை வந்து இறங்கியபோது, இந்தப் பெட்டி இருந்த சுமையைத் தூக்கிக்கொண்டு, அப்போதுதான் போட்டிருந்த கோலத்தின் நடுவில் காலை வைத்துவிட்டேன். வாங்க என்று சொல்வதற்கு முன்னால் அவள் என்னைத் திட்டினாள். தெருவே சிரித்தது. அடுத்த முறையும் இந்த ஆள் மிதித்துக்கொண்டுதான் வருவார் என்று நினைத்து அங்கே குரலை வைத்திருக்கிறாள். இனி அவள் கோலத்தில் கால் படக்கூடாது என்று என் கைக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

“மிதிங்கப்பா.”

விரல் வரவில்லை. படம்தானே என்று சொல்லிக்கொண்டேன். அண்ணியும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். தூரத்தில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை மெல்லத் தள்ளினேன். கைலி கட்டிய பொம்மை ஒரு காலைத் தூக்கி, அந்தப் பெரிய சுழியின் மேல் வைத்தது.

“யாருங்க அது, கோலத்த மிதிச்சிகிட்டு வர்றது?”

அவள்தான். வேலைக்கு நடுவில் பேசியதில் மூச்சு வாங்கியது. வளையல் சத்தம், பின்னால் ஒரு காக்கை. கடைசியில் சிரிப்பு வர, அதை அடக்கிக்கொண்ட நொடியும் இருந்தது. என் மனசுக்குள் நான் வைத்திருந்த குரல் இதில் பாதிகூட இல்லை.

“நான்தான்” என்றேன்.

அண்ணி முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனார்.

சற்று நேரம் கழித்து, “இன்னொரு தடவ கேளுங்கப்பா. எறங்கிட்டு மறுபடி ஏறுனா போதும்” என்றாள் மகள்.

நான் அசையவில்லை. பொம்மை கோலத்தின் மேல் நின்று, மூச்சு விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது. இறங்கி ஏறினால் அவள் திரும்பவும் யார் என்று கேட்பாள். அப்படிக் கேட்டால், நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடும்.