வடித்த தண்ணீர்

இங்கே மலேசியாவில், பதினாறு வயதுப் படிவம் நான்கு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. செல்லின் சவ்வைத் தாண்டி எது போகும், எது போகாது என்பது. உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு துண்டைச் சாதாரணத் தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் போடச் சொல்வேன். முதல் துண்டு விறைத்து நிற்கும். உப்பில் கிடந்தது துவண்டுவிடும், அதன் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே போயிருக்கும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பரீட்சைக்கு வருமா டீச்சர் என்று மட்டும் கேட்பார்கள்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபோது அந்தப் பாடம் எங்கள் கிள்ளான் வீட்டு அடுப்படிக்கே வந்துசேர்ந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இயந்திரத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கம் அவருடைய இரத்தம் ஓடும், மறுபக்கம் மருந்து நீர். இரத்தத்தில் மிஞ்சிய கழிவும் பொட்டாசியமும் சவ்வு வழியாக மருந்து நீருக்குப் போய்விடும். அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, அவ்வளவுதான் விதி. ஆனால் சனிக்கிழமை முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். இடையில் சேர்வதற்கு உடம்பைவிட்டு வெளியேற வழி கிடையாது.

அதனால் சாப்பாட்டில்தான் என் யுத்தம். காய்கறியில் பொட்டாசியம் செல்லுக்குள்ளே அடைந்து கிடக்கிறது. பச்சையாக ஊறவைத்தால் சவ்வு அதை லேசில் விடாது. நன்றாகக் கொதிக்கவிட்டால் சவ்வு சிதைந்து, உள்ளே இருந்தது தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மீந்த சக்கையைத் தாளித்துக் கொடுப்பேன். "இன்னிக்கு என்ன, வைக்கோல் பிரட்டலா?" என்று கிண்டல் செய்தபடியே அவர் சாப்பிடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

எனக்குப் பள்ளி பெட்டாலிங் ஜெயாவில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் வகுப்பு. நான் இல்லாத நேரத்தில் பண்டமாரானிலிருந்து அவருடைய அக்காள் வந்து சமைத்துக் கொடுப்பார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன், அவர் என்னை டீச்சரம்மா என்பார். தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவர். அந்தத் தம்பி எலும்பும் தோலுமாக ஆவதைப் பார்க்கச் சகிக்காமல் சமையலறையில் நின்று மூக்கைச் சிந்துவார்.

"அண்ணி, அந்தத் தண்ணிய அப்படியே சிங்க்ல ஊத்திடுங்க. அவருக்கு அது விஷம்" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"சரிலா டீச்சரம்மா, காது புளிச்சுப்போச்சு."

ஒரு திங்கட்கிழமை, பள்ளி இடைவேளையில் போன் வந்தது. "தம்பிக்குக் காலு வர மாட்டேங்குதும்மா. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குங்கிறான். ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டேன்." நெடுஞ்சாலை நெரிசலில் நான் திட்டாத வண்டி இல்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கண் திறந்திருந்தது, பேச்சில்லை. என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். எல்லாமே வேகவைத்து வடித்ததுதான் என்று பாடம் நடத்துவதுபோல விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

வெளியே அண்ணி என் கையைப் பிடித்தார். "சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லன்னு நல்லா சொன்னியா? நீ ஊத்தச் சொல்ற தண்ணி இருக்கே, முருங்கக்கீரத் தண்ணி, கெழங்குத் தண்ணி, ஒரு சொட்டு நான் வீணாக்கல. மொளகு தட்டிப் போட்டு ரசம் வச்சேன். சத்தெல்லாம் அதுலதானே இருக்கு? அவனுக்கே சொல்லல, சொன்னா உனக்குப் பயந்து குடிக்க மாட்டான். நேத்தும் கேட்டு வாங்கிக் குடிச்சான், இன்னிக்குக் காலையிலயும் குடிச்சான்."

அந்த நிமிடம் அவரை அறைந்திருப்பேன். அறையாமல் உள்ளே ஓடி டாக்டரிடம் சொன்னேன். இரத்தப் பரிசோதனை முடிவு ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. இதயம் துடிப்பதே செல்லின் சவ்வுக்கு உள்ளும் வெளியும் பொட்டாசியம் வேறு வேறு அளவில் இருப்பதால்தான். வெளியே அது ஏறிவிட்டால் துடிப்பு தடுமாறும். ஏறியதைச் செல்லுக்குள் திருப்பித் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்தார்கள். டயாலிசிஸ் இயந்திரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோதே இதயம் நின்றுபோனது. மறுபடி அதை ஓடவைக்க அவர்களால் முடியவில்லை.

டாக்டர் வெளியே வந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்று மலாயில் எங்கள் இருவருக்கும் சொன்னார். டாக்டர் உள்ளே போனபிறகு அண்ணி வெகுநேரம் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொட்டாசியம்னா என்னாம்மா?"

"உப்பு மாதிரி ஒன்னு, அண்ணி."

"அது எங்கேருந்து வந்துச்சு அவனுக்கு?"

வகுப்பில் இந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் தயங்கியதில்லை. பதில் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என் நெஞ்சின் பாரம் பாதி இறங்கியிருக்கும். அண்ணிக்கோ அதை இறக்கிவைக்க இடமே இருந்திருக்காது.

"எல்லார் உடம்புலயும் இருக்கிறதுதான்" என்றேன்.

"அப்ப நம்ம சாப்பாட்டால இல்ல."

"இல்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"காலையிலருந்து நீ ஒன்னுமே சாப்பிடல. தம்பிய வீட்டுக்குக் கொண்டாந்துட்டா அப்புறம் அடுப்பு பத்த வைக்க முடியாது. ரசம் மிச்சம் இருக்கு. வா, சூடு பண்ணித் தரேன்."