அக்காவின் கைக்கு ஒரு பிடி

கத்தி செய்கிறவன் என்று சொன்னால் திருவொற்றியூரில் எவனும் பெண் கொடுக்கமாட்டான். நல்லவேளை, எனக்கு அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். அந்தக் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு, கேட்டவர்களுக்குக் கேட்டபடி சமையல் கத்தி செய்து அனுப்புகிறேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெங்களூர்க்காரர்கள். பிடியில் கடல் நீலத்தில் ஒரு கோடு ஓட வேண்டும் என்பார்கள். கடல் நீலமாக இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ, ஒருநாள் எங்கள் பக்கம் கூட்டிவந்து காட்ட வேண்டும். கத்தி போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு தக்காளியை வெட்டிப் படம் எடுத்துப் போடுவார்கள். அதோடு கத்தி சுவரில் ஏறிவிடும். ஆகவே நான் ஒட்டிய பிடி கழன்றது என்று ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது, எனக்கும் தலைக்கனம் நன்றாகவே ஏறியிருந்தது.

என் அக்கா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள். ஏலத்தில் மீன் எடுத்து வருகிறவர்களுக்குச் செதில் சீவி, துண்டு போட்டுக் கொடுக்கும் வரிசையில் அவளுக்கென்று ஒரு மரக்கட்டை உண்டு. திடீரென்று ஒருநாள் பக்கவாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் சீக்கிரமே சரியானது. வாய் ஒருநாள்கூட ஓயவில்லை. கை மட்டும் பாதி மூடியபடி நின்றுவிட்டது, முழுசாக விரிக்கவும் வராது, இறுக்கி மூடவும் வராது. கத்தியைக் கொடுத்தால் நழுவி விழும். பக்கத்துக் கட்டைக்காரி பாவம், அக்காவின் கட்டைமேல் ஒரு பிளாஸ்டிக் மீன் தொட்டியைக் கவிழ்த்து வைத்துக் காவல் காத்தாள். தொட்டியை எத்தனை நாள் ஜனங்கள் மதிப்பார்கள்?

"இன்னாடா, ஊர்ல கீறவனுக்கெல்லாம் செய்யிற, எனுக்கு ஒண்ணு செய்ய மாட்டியா?" என்றாள். "இந்தக் கைக்குத் தோதா ஒரு புடி போட்டுக் குடு. இல்லாங்காட்டி என் கட்டைய எவளாச்சும் தூக்கினு பூடுவா."

சப்பாத்தி மாவை உருட்டி அவள் கையில் திணித்தேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிடித்தாள். அந்த உருவத்தைப் பார்த்துப் பார்த்துத் தேக்கில் செதுக்கினேன். சாதாரணப் பிடியைப் போல இரண்டு மடங்கு பருமன். கத்தி என்றே சொல்ல முடியாது, சுரைக்காய்க்கு முனை வைத்தது போல இருந்தது.

பிடி ஒட்டுவது பூஜை மாதிரி. கத்தியின் வால்பகுதிக்கு இரண்டு பக்கமும் மரம் வரும். குறுக்கே போகும் பித்தளைக் கம்பி மரம் நகராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்; பிடித்துக்கொள்கிற வேலையெல்லாம் எபாக்சிக்கு. ஒரு டப்பாவில் ரெசின், ஒன்றில் ஹார்டனர், சேர்த்துக் கலக்க வேண்டும். அதற்கு முன் இரும்பை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு விரல் படக்கூடாது. விரலில் இருக்கிற பிசுக்கே போதும், பசை பல்லைக் காட்டிவிடும். நான் துடைத்து வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பசையைக் கலக்கினேன். ஒட்டினேன். கிளாம்ப் போட்டேன். மறுநாள் கல் மாதிரி இருந்தது.

அக்கா அந்தக் கத்தியோடு காசிமேட்டுக்குப் போனாள். முதல் வஞ்சிரம் முடிவதற்குள் ஒரு பக்கத்து மரம் கழன்று மீன் தண்ணீரில் மிதந்ததாம். வரிசையே சிரித்ததாம். தொட்டி மறுபடி கட்டையில் ஏறியது.

"கத்தியாடா செஞ்ச, கஸ்மாலம்! மானம் பூட்சி!" என்று கொட்டகைக்குள் வந்து கழன்றதை என்மேல் எறிந்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என் வேலையா கழன்றது? மரத்தின் உள்பக்கத்தைத் திருப்பினேன். பசை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் உருண்டையை அழுத்திப் பழகுவதோடு, கைக்குத் தினமும் அவள் தேய்த்துக்கொள்கிற தைலம். குப்பென்று அடித்தது.

"நீ இதைத் தொட்டியா?"

"தொடாம? நீ அந்தாண்ட திரும்பி இன்னாவோ கலக்கினு இருந்த. எடுத்துக் கண்ல ஒத்திக்கினேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? தொழில் பண்ற கத்திடா! ஒத்திக்காம எடுத்தா வெளங்குமா?"

இவளிடம் பசையின் குணத்தை விளக்குவதைவிடப் பசையிடம் இவள் குணத்தை விளக்கலாம். இருந்தாலும் தொண்டை வறளக் கத்தினேன். அவளும் கத்தினாள். கடைசியில் சமாதானம் ஆனது. மறுபடி ஒட்டும்போது ஒத்திக்கொள்ளலாம், ஆனால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. பாதி மூடிய கையில் கையுறையை மாட்டுவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய்விட்டது. டாக்டரம்மா மாதிரி நின்று, கத்தியைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒட்டினேன்.

இந்த முறை பிடி அசையவில்லை. உப்புத்தண்ணீர், ஐஸ், மீன் பிசுக்கு எதற்கும் அசையவில்லை. தொட்டி கீழே இறங்கியது. பக்கத்துக் கட்டைக்காரி ஆசைப்பட்டு ஒருநாள் அதை வாங்கி வெட்டிப் பார்த்திருக்கிறாள். "இன்னாக்கா, தடிப்பயலத் தூக்குற மாதிரி கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். எனக்கு அது பட்டம் வாங்கியது போல. இந்த உலகத்தில் ஒரே ஒரு கைக்குத்தான் அந்தப் பிடி பொருந்தும் என்று பெங்களூர்க்காரர்களிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம் அக்கா வந்தாள். கத்தியைப் பட்டறைப் பலகையில் போட்டாள்.

"புடி சரியில்ல. ரொம்பப் பெருசா கீது. வெட்டினா மணிக்கட்டு நோவுது."

எனக்கு வந்ததே கோபம். "மாவுல அளவெடுத்து, இழைச்சு இழைச்சுச் செஞ்சேனே! உனக்கு எதுதான் புடிக்கும்? ஊரே புகழ்ற வேலை, உனக்கு மட்டும் நொட்டை!" பிடியைப் பெயர்த்துவிடக் கையில் கிடைத்த உளியை ஒட்டின்மேல் வைத்து ஓங்கி அடித்தேன். ஒட்டு அசையவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக எதையும் ஒட்டியதில்லை. அடித்து அடித்து எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"கத்தி முட்ச்சிட்டியா?" என்றாள். வலது கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஐந்து விரலும் விரிந்தன. பிறகு மெதுவாக மடங்கி, கட்டைவிரல் மேலே ஏறி, முழு முஷ்டியாக மூடியது.

உளி என் கையிலிருந்து விழுந்தது. வேண்டுமானால் சின்னப் பிடியில் இன்னொன்று செய்கிறேன் என்று ஏதோ உளறினேன்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். சின்ன வயதில் என்னை மடக்கி அழவைப்பாளே, அந்தப் பிடி.

"நோவுதாடா?"

"நோவுதுக்கா," என்றேன். "வுடாத."