படத்தின் ஓரத்தில் மின்சோ

டான்யூப் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் ஆட்கள் குறையக் குறைய தோன்காவுக்கு மட்டும் வேலை கூடிக்கொண்டே போனது. இறந்தவரின் படத்தோடு அறிவிப்புத் தாள் அச்சடித்து, வீட்டுக் கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவது அவள் தொழில். ஒருமுறை ஒட்டினால் முடிந்துவிடாது. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு என்று ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள் வேண்டும். இறந்தவர்களின் பிள்ளைகள் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் கிடப்பதால், ஒட்டியதும் கைபேசியில் ஒரு படம் எடுத்து, "ஒட்டியாச்சு, பாத்துக்க" என்று அனுப்பிவிடுவாள்.

அந்தப் படத்தில் அவள் மகா கறார். தாளைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. நாய் வந்தால் விரட்டுவாள், ஆள் வந்தால் அதட்டுவாள். அதிகம் அதட்டு வாங்கியவர் மின்சோதான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. கோடையிலும் பச்சைத் தொப்பி போடுவார். யாருக்குத் தாள் ஒட்டினாலும் எங்கிருந்தோ வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார்.

"மின்சோ அண்ணே, தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க."

"இரும்மா, இன்னும் ரெண்டு வரிதான்."

"செத்தவரு என்ன உங்க மாமனா மச்சானா?"

"அட, அத்தனை வருஷம் இருந்துட்டுப் போயிருக்காரு. நின்னு பேரையாவது படிக்க வேணாமா?"

மனுஷன் நகர மாட்டார். தோன்கா முணுமுணுத்துக்கொண்டே அப்படியே எடுப்பாள். கடைக்கு வந்து அவர் நின்ற ஓரத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புவாள். வெட்டாத படத்தை அழிக்க அவளுக்குச் சோம்பல். அது கைபேசியிலேயே கிடக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மின்சோவின் பக்கத்து வீட்டுக் கலினா மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தாள்.

"மின்சோ அண்ணன் போயிட்டாருடி. நாளைக்கு மத்தியானம் அடக்கம். நாங்க தெருக்காரங்கதான் எல்லாம் பாக்குறோம். தாளு இன்னைக்கே ஒட்டணும்."

"படம் குடு."

"எங்க இருக்கு படம்? வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டோம். அடையாள அட்டையையும் சாவைப் பதியப் போனப்ப நகராட்சியில வாங்கி வச்சுக்கிட்டாங்க. படத்துக்குப் பதிலா சிலுவை போட்டு அடிச்சிரு."

சிலுவை போடலாம்தான். வழக்கமும் உண்டு. ஆனால் முகமில்லாத தாளை யார் நின்று பார்ப்பார்கள்? ஊரில் எல்லோருடைய முகத்தையும் பார்த்த ஆள், தன் முகம் இல்லாமலா போவது? தோன்காவுக்கு மனசு ஒப்பவில்லை. கைபேசியில் அவர் பெயரைப் போட்டுத் தேடினாள். திரையில் கோட்டும் சூட்டுமாக ஒருவர் வந்தார்.

"சின்ன வயசுல எடுத்ததா இருக்குமோ?" என்று நீட்டினாள்.

கலினா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, இவரு வேற யாரோ பல் டாக்டரு! ஒன்பது வருஷமா தினம் பாத்த மூஞ்சி, உனக்கு அடையாளம் தெரியலையா?"

தோன்காவின் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையில் அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். தொப்பி வந்தது, முகம் வரவில்லை.

சரி, தொப்பியையே தேடுவோம் என்று, தன் கைபேசியில் இருந்த படங்களுக்குள் 'பச்சைத் தொப்பி' என்று தட்டினாள். முதலில் ஒரு முட்டைக்கோஸ் வந்தது. அடுத்து ஒரு பாட்டில் மூடி. மூன்றாவது படத்தின் ஓரத்தில், கையில் தொப்பியோடு மின்சோ நின்றார். அந்த முகத்தின் மேல் விரலை வைத்தாள். இதே முகம் வேறு படங்களிலும் இருக்கிறது என்று சொல்லி, கைபேசி வரிசையாக எடுத்துப் போட்டது. மொத்தம் நூற்றுப் பதினான்கு. மழையில் நிற்கிறார், பனியில் நிற்கிறார், ஒரு படத்தில் கையில் கட்டோடு நிற்கிறார். எல்லாவற்றிலும் குனிந்த தலைதான், பாதி முகம்தான்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வந்தவர் போல. பக்கத்தில் இருந்த தாளைப் பெரிதாக்கினாள். அவளுடைய அம்மாவுக்கு ஒட்டிய தாள் அது.

நினைவு வந்துவிட்டது. போன மாசிப் பனியில் தன்னந்தனியாகப் பசை தடவி ஒட்டினாள். தம்பி ஸ்பெயினிலிருந்து வரவில்லை. கூட நின்றது மின்சோ ஒருவர்தான். அன்றும் படித்து முடித்துவிட்டு, தாளை விட்டு அவளைப் பார்த்து, "அம்மா தோன்கா..." என்று ஆரம்பித்தார். "தள்ளி நில்லுங்கண்ணே, படத்துல விழறீங்க" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றார்.

"என்ன சொல்ல வந்தாரோ, தெரியலையே கலினா. ஒரு வார்த்தை சொல்ல விடலையே நான்," என்று தோன்கா உடைந்து அழுதாள். கலினா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இந்த முறை தோன்கா அம்மாவின் தாளை வெட்டிவிட்டு ஓரத்தை எடுத்துக்கொண்டாள். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் பார்த்தால் மின்சோ என்று தெரியும்.

சாயங்காலம் அவர் வீட்டெதிரே இருந்த மரத்தில் ஒட்டினார்கள். பழக்கதோஷம், கை தானாகக் கைபேசியைத் தூக்கியது. தெருவில் ஈ காக்கை இல்லை. அவள் எப்போதும் கேட்டபடி தாள் மட்டும் சுத்தமாக விழுந்தது. அனுப்பத்தான் ஆளில்லை.

கைபேசியைப் பைக்குள் போட்டாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"நீ அடிச்ச தாளுதானே, அதுல என்னடி படிக்கிற? வா, குளிருது," என்றாள் கலினா.

"இருடி. இன்னும் ரெண்டு வரிதான்."