மார்கரெட்டின் றைபிளுக்குச் சின்னத் தோட்டா

1. லீவரின் சத்தம்

துவக்குத் திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குளிர் ஜாக்கெட்டைக் கழற்றுவதற்கு முன்பே திரும்பிப் போகப் பார்த்தேன். முதலாளி யானோஷ் மேசையில் ஒரு றைபிளின் லீவரை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். இரும்பில் இரும்பு இறுகும் அந்தச் சத்தத்தைக் கடைசியாக யாழ்ப்பாணத்தில், ஆமிக்காரருக்கு முன்னால் றோட்டில் முழந்தாளில் இருந்தபடி கேட்டிருந்தேன். கை மறுபடியும் கதவுப்பிடிக்குப் போனது.

யானோஷ் இளம் வயதில் ஹங்கேரியிலிருந்து ஓடிவந்தவர். ஒன்றும் விசாரிக்கவில்லை. றைபிளைத் துணியால் மூடிவிட்டு, "லேத் அங்கால இருக்குது குணா. நீ துவக்கைத் தொடவேண்டாம். நான் கழட்டித் தாற சாமானை மட்டும் கடைஞ்சு தா" என்றார்.

அது 1984. ஊரில் நான் பழகிய தொழில், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் வேலை. கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் எனக்குக் கிடைத்த முதல் லேத் வேலை அதுதான். மனைவி சரோவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. எங்கள் அகதி விசாரணை முடிந்திருக்கவில்லை.

"ஆரும் கேட்டால் இரும்புக் கடை எண்டு சொல்லுங்கோ. துவக்குக் கடை எண்டால் கேஸ் கெட்டுப்போம்" என்பாள். நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் நெடுநாளாக இரும்புக் கடைக்காரன்தான்.

2. மூன்று கொளுக்கிகள்

1986 வசந்தத்தில், கிட்டவுள்ள விட்பி ஊரிலிருந்து மார்கரெட் என்ற பெண்மணி கடைக்கு வந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வலது தோளில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். நீளமான பையை இடது கையால் தூக்கிவந்து மேசையில் வைத்தார். உள்ளே பழைய ஒற்றைத் தோட்டா றைபிள். லீவரை இழுத்தால், குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புப் பின்கட்டை கீழே இறங்கும். ஒரு தோட்டாவைப் போட்டு, மூடி, சுடவேண்டும். அடுத்ததற்கு மறுபடியும் திறக்கவேண்டும். மார்கரெட் பல வருடங்களாக அதைக்கொண்டு துவக்குக் கிளப்பில் கடதாசிக் குறி சுட்டு வந்தவர். ஆனால் அதன் தோட்டா பெருவிரல் பருமன். சுட்டால் மாடு முட்டியதுபோலத் தோளில் இடிக்கும். இனிச் சுடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"கிளப்பில எல்லாரும் இதை வித்துப்போட்டு வேற வாங்கச் சொல்லுறாங்கள்" என்றார் மார்கரெட். "இதின்ர பாரம் எனக்குப் பழகிப்போச்சுது. பாரமான துவக்குக்குச் சின்னத் தோட்டா எண்டால் இடி தெரியாது. மாத்த ஏலுமோ, ஏலாதோ? அதை மட்டும் சொல்லு."

யானோஷ் என்னைப் பார்த்தார். "முக்கால்வாசி லேத் வேலைதான்" என்றார்.

தோட்டா மாற்றுவது என்றால் வேறொன்றை உள்ளே போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். குழலின் துளை பெரியது, புதிய தோட்டாவிலிருந்து பாயும் ரவை சின்னது. ஆகவே குழலின் துளையை இன்னும் அகலமாக்கி, அதற்குள் மெல்லிய உருக்குக் குழாய் ஒன்றை இறுக்கவேண்டும். அதற்கு லைனர் என்று பெயர். அதன் பின்முனையில் புதிய தோட்டா இருக்க இடம் வெட்டவேண்டும். தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியையும் மெல்லியதாகச் செய்யவேண்டும். கடைசியாக, சுட்ட பிறகு மிஞ்சும் தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதை வெளியே இழுக்கும் கொளுக்கி. நான் லேத்தைத் தொடுவதற்கு முன்பே, பின்கட்டை புதிய அமுக்கத்தைத் தாங்குமா என்று யானோஷ் பார்த்தார். "சின்னன் எண்டு இளக்காரமாய் நினையாதை. சிலது பெரிசைவிட மோசமாய் அமத்தும்" என்றார்.

குழலும் ஊசியும் சரியாக வந்தன. றைபிளைச் சட்டத்தில் கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று, விசையில் கட்டிய கயிற்றை இழுத்துச் சுட்டோம். ஒரு பழுதும் இல்லை. ஆனால் கோது வெளியே வரவில்லை. கொளுக்கி வழுக்கிவிட்டது. இன்னொன்று செய்தேன், அதுவும் வழுக்கியது. மூன்றாவது வளைந்தே போனது.

"காணும் குணா" என்றார் யானோஷ். "கோதைக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கச் சொல்லுவம்."

"அவவுக்கு ஒரு கைதான் வடிவாய் வேலை செய்யுது. கம்பி விட்டுக் குத்த ஏலாது."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"றைபிளை முழுசாய்த் தாங்கோ. கொளுக்கி எப்பிடி அசையுது எண்டு நான் பார்க்கவேணும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத் தந்தார். லீவரை இழுத்தேன். மூடினேன். அதே சத்தம். உள்ளங்கை வேர்த்து இரும்பு வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடியும் இழுத்தேன். எத்தனை தரம் இழுத்தேனோ தெரியாது. பின்னேரமளவில் அது எனக்கு ஒரு மெஷின் சத்தமாகிவிட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது. கொளுக்கி திரும்பும் அச்சாணியின் துவாரம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. இழுக்கத் தொடங்கும்போதே கொளுக்கி சரிந்தது. பெரிய கோதின் அகன்ற விளிம்பு அந்தச் சரிவைத் தாங்கிக்கொண்டது. சின்னக் கோதின் விளிம்பில் அதற்கு இடமில்லை. துவாரத்தை வட்டமாக்கி, பருத்த ஆணி ஒன்று கடைந்து, நாலாவது கொளுக்கியைப் போட்டேன். கயிறு இழுத்தோம். லீவரைத் திறக்கக் கோது துள்ளி விழுந்தது.

3. யாருடைய கன்னம்

கயிற்றுச் சோதனை முடிந்தபின், கடையிலிருந்து ஒருவர் தோளில் வைத்துச் சுட்ட பிறகே வாடிக்கையாளரிடம் கொடுப்போம். எப்போதும் யானோஷ்தான் சுடுவார். இந்தத் தடவை நான் சுடுவதாகச் சொன்னேன்.

வீட்டில் இதைக் கேட்டதும் சரோ சமையலை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கென்ன விசரே? துவக்கைக் கண்டால் நடுங்கிற ஆள்!"

"அந்த மனுசி அதில கன்னத்தை வைக்கப்போறா. வெடிச்சால் அவவின்ர முகம்தான் போகும். நான் வடிவாய்ச் செய்திருந்தால் என்ர கன்னத்தை வைக்க ஏன் பயம்?"

அவள் கறியைத் துழாவிக்கொண்டே நின்றாள். பிறகு, "கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கோ" என்றாள்.

விட்பிக்கு வெளியே இருந்த கிளப்பில் மார்கரெட் எனக்குப் பக்கத்தில் நின்றார். நான் கதிரையில் இருந்து, கன்னத்தை றைபிளின் மரப்பிடியில் வைத்து மூச்சைப் பிடித்தேன்.

"மூச்சை விடு. பிறகு மெல்ல அமத்து" என்றார்.

அமத்தினேன். ரவை கடதாசியின் ஓரத்தில் எங்கோ பட்டது. லீவரை இழுக்கக் கோது என் சப்பாத்தடியில் விழுந்தது. எடுத்துத் தடவிப் பார்த்தேன். வெடிப்பில்லை, வீக்கமில்லை. எழுந்து றைபிளை மார்கரெட்டிடம் கொடுத்தேன்.

அவர் சுட்டார். தோளைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லை" என்றார். பிறகு எங்களைத் திரும்பியும் பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போட்டார். தோட்டாப் பெட்டி முடியும்வரை நிறுத்தவேயில்லை.

பிறகு எங்கள் அகதி விசாரணையில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். சரோ என் கையை மேசைக்குக் கீழே இறுக்கிப் பிடித்திருந்தாள்.

துவக்கில் எனக்கு ஆசை வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சுட்டதுமில்லை. பிற்காலத்தில் வேறு பட்டறைகளில் ஏணிக்கும் பிரேக்குக்கும் சாமான் கடைந்தேன். வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். செய்ததை முதலில் நீங்களே பாவித்துப் பாருங்கள். பாவிக்கப் பயமாக இருந்தால், வேலை இன்னும் முடியவில்லை.