பாரத்தோடு வந்தவர்கள்

எங்கள் சபைக் கமிட்டியின் மூப்பர்கள் நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஊழிய அர்ப்பணிப்பைப் புதுப்பித்துக்கொள்வோம். டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான். காலாவதியாகும், கையை உயர்த்தி வாக்குக் கொடுப்போம், மறுபடி செல்லுபடியாகிவிடும். வண்டியை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம்.

பாலக்கோட்டில் இருக்கிற அந்தச் சின்னச் சபையின் கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் என்னைக் கூப்பிடுவதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், சபையிலும் சிஸ்டர். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பார்கள். கொஞ்சம் என்று சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை.

இந்த முறையும் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றோம். சபைச் செயலாளர் ஜெபம் செய்தார். அவர் தக்காளி மண்டி வைத்திருப்பவர். மண்டியில் பாரம் என்றால் லாரியில் ஏற்றுவது. சபைக்குள் வந்துவிட்டால் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. மற்ற ஜனங்களுக்காக மனசில் சுமக்கிற கவலைக்குத்தான் நாங்கள் பாரம் என்று சொல்வோம். "வத்தல்மலை ஜனங்க மேல எங்களுக்குப் பாரத்தைக் கொடும் ஆண்டவரே" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். போன வருடமும் இதையேதான் கேட்டார். மெழுகு என் விரலில் சொட்டியது. எனக்கு ஏற்கெனவே எரிச்சல்தான்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அவரிடம் போனேன்.

"பாரமெல்லாம் சரிங்க. எப்ப போறோம்?"

"கர்த்தருக்குச் சித்தமானா போலாங்க சிஸ்டர்."

"அவருக்கு எப்பவும் சித்தந்தாங்க. உங்களுக்கு எப்பன்னு கேட்டேன்."

செயலாளர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். எங்கள் போதகர் வயதில் சின்னவர், மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. அவர்தான், "வர்ற சனிக்கெழமையே போயிடலாங்க" என்றார். ஜீப் செயலாளருடையது. போதகரே சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை, ஆண்டவரைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிக் கட்டோடு ஏறினோம். போதகர், செயலாளர், மற்ற மூப்பர்கள், நான். ஜீப்பில் கால் நீட்ட இடமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் என் முழங்கால் முன்சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிட வேண்டும் என்று செயலாளர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மலைமேல் ஒரு சிற்றூரில் வண்டியை நிறுத்தினோம். சாமை அறுப்பு முடிந்த நேரம் என்பதால் ஆட்கள் ஊரில் இருந்தார்கள். மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். போதகர் எழுந்து கும்பிட்டுவிட்டு, "உங்க மேல ரொம்பப் பாரத்தோட வந்திருக்கோங்க" என்று ஆரம்பித்தார்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சட்டென்று எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுக்கொண்டு, நேராக ஜீப்பின் பின்பக்கம் போனார். கதவைத் திறந்து பார்த்தார். குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தார். பிறகு திரும்பி வந்து கேட்டார்.

"ஏனுங்க ஐயா, வண்டியில ஒண்ணையும் காணோமே. பாரம் பின்னால வருதுங்களா?"

போதகர் திறந்த வாயோடு நின்றார். முதலில் சிரித்தது நான்தான். சிரித்து முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது. எத்தனை வருட மெழுகுவர்த்தி! வண்டியில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாதான் முதன்முதலாகத் திறந்து பார்த்திருக்கிறார்.

"இல்லீங்கம்மா. மனசுல இருக்கிற பாரத்தைச் சொன்னேன்" என்றார் போதகர், மெதுவாக.

அந்த அம்மா ஜீப்பை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். "எறக்கறதுக்கு ஒண்ணும் இல்லீன்னா, எங்கூட்டுக்காரர ஏத்திக்கிட்டுப் போறீங்களா? ரெண்டு கண்ணும் தெரியலீங்க."

அவர் வீட்டுக்குப் போனோம். கணவர் வாசலில் உட்கார்ந்து, மடியில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு, சாமையில் கிடந்த கல்லை விரலால் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் பாலாக வெளுத்திருந்தது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சரியாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் இருக்கிறதும் போய்விடும் என்ற பயமும் கூடவே வந்தது.

செயலாளர் என் காதருகில் குனிந்தார். "வண்டியில எடம் இல்லீங்க சிஸ்டர். அடுத்த தடவ வரும்போது கூட்டிக்கிட்டுப் போலாம்."

"அடுத்த தடவைன்னா எப்பங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேறொன்று கேட்டார். "இவங்க நம்ம சபைக்கு வருவாங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் டார்ச்சை அணைக்கவும் மறந்துவிட்டேன். "மொதல்ல கண்ணு தெரியட்டுங்க. எங்க போறது வர்றதுன்னு அப்புறம் அவரே பாத்துக்குவாரு."

போதகர் ஜீப்புக்குப் போய்த் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் பஸ்சுல வர்றேங்க" என்றார். அவரே பஸ் என்ற பிறகு மூப்பர்கள் எப்படி ஜீப்பில் ஏறுவார்கள்? ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பைகளை இறக்கிக்கொண்டார்கள். கைப்பிரதிக் கட்டும் இறங்கியது. பெரியவரைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். அவர் மனைவி ஆட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தின் முன்னால் நின்று திருநீறு எடுத்து வந்து அவர் நெற்றியில் பூசிவிட்டு ஏறினார். செயலாளர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவர் வண்டியை எடுத்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வளைவிலும் பெரியவருக்குத் தலை இடிக்காதபடி அவ்வளவு மெதுவாக ஓட்டினார்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து, முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். நான் கூடவே இருந்தேன். செயலாளர் மண்டியை முடித்துவிட்டு, சட்டையில் தக்காளிக் கறையோடு இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். நான் வரச் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த அன்றைக்கு எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். பெரியவர் இமையைச் சிமிட்டினார். முதலில் மனைவியைப் பார்த்தார்.

"ஏன் இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என்னாலும் அழாமல் இருக்க முடியவில்லை. பெரியவர் எங்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்த்தார்.

"பாரத்தோட வந்தவங்க இவங்கதானா?"

"இவங்கதான்" என்றார் மனைவி.

"எங்க ஊருல இன்னும் ரெண்டு பேருக்குக் கண்ணு தெரியலீங்க. வண்டி எப்ப வருதுங்க?"

எப்ப என்பது என்னுடைய கேள்வி. பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

செயலாளர் ஜீப் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"வியாழக்கெழமைங்க" என்றார். கர்த்தருக்குச் சித்தமானால் என்று சேர்க்கவில்லை.